முகத்துவாரக்குப்பத்தில் நான் ஜோசியனான கதை

மணலியில் லாரி எடை மேடையில் எனக்கு முழுநேர வேலை. மிச்ச நேரத்தில் காப்பீட்டு முகவர். வீடு வீடாக ஏறி இறங்கத் தெம்பில்லாததால், ஒரு டேங்கர் நகர்ந்து அடுத்தது ஏறுவதற்குள் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடுவேன். விரும்புகிறவர்கள் எண் கொடுப்பார்கள். நான் அழைத்துப் பேசுவேன்.

எனக்குப் பகலவன் என்று பெயர் வைத்த அப்பா, ராகுகாலம் பார்த்து அதிலேயே என் கல்யாணத்தை நடத்தியவர். நான் அவரையும் மிஞ்சியவன். கிளி ஜோசியரோடு நடுரோட்டில் வாதாடியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், மாலை ஏழுக்குப் போட்டால்தான் ஆள் சிக்கும் என்று யூடியூபில் எவனோ சொன்னதை நம்பி, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். படம்: அலையில் காலிப் படகு. வாசகம்: "நாளை அவர் திரும்பாவிட்டால்?" மூன்று நாளில் நாற்பது எண்கள். என் எழுத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள் இருந்தபோது எத்திராஜ் என்பவர் விளம்பரத்தில் இருந்த என் எண்ணுக்குப் போன் செய்தார். முகத்துவாரக்குப்பத்துக்காரர், விசைப்படகில் வலை இழுப்பவர்.

"இன்னா நைனா, நீ ஜோசியனா? எம் பொஞ்சாதி என்னைப் போட்ல ஏற வுட மாட்டேன்றா. ரெண்டு மாசமா சும்மா குந்திகினு கீறேன். மொத நாளு ஏறலைன்னா ஓனரு வேற ஆளப் போட்டுக்குவான். நீயே வந்து சொல்லு."

போனேன். அவர் மனைவி புஷ்பவல்லி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் என் காலிப் படகு விளம்பரம்.

"காலைலேர்ந்து பதினோரு வாட்டி வந்துகீது. பக்கத்து வூட்டுக்கு ஒரு வாட்டிகூட வரல. எனக்கு மட்டும் கடலம்மா ஏன் சொல்றா?"

"கடலம்மா இல்லக்கா, நான்தான். அந்த விளம்பரத்த நீங்க ஒரு தபா தொட்டீங்க. தொட்டவங்களையே தொரத்துற மாரி வச்சிருக்கேன்."

"கண்ணுக்குத் தெரியாம தொரத்துதா?"

"ஆமா."

"அத்ததான் நானும் சொல்றேன்."

எத்திராஜ் சிரித்தார். 

காப்பீடாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று அங்கிருந்தே நிறுவனத்துக்குப் பேசினேன். சம்பளச் சீட்டு கேட்டார்கள். பங்குக்கு மீன் பிடிப்பவரிடம் சம்பளச் சீட்டு ஏது? அப்படியென்றால் முடியாதாம். கடலுக்குப் போகிறவர் வீட்டில் பயத்தை விற்கலாம், காப்பீட்டை விற்கக்கூடாது! என்று மேலாளரிடம் போனிலேயே கத்தினேன்.

"பயத்தை எழுதினது நீங்கதானே சார்?" என்றார், மரியாதையாகவே.

புஷ்பவல்லியின் கண்ணெதிரே விளம்பரத்தை நிறுத்தினேன். அப்போதும் அவர் நம்பவில்லை. இரண்டு நாள் போனை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கணவரை அனுப்பினார்.

படகு கரை திரும்பிய மறுநாள், எடை மேடைக்கே ஒரு பை நிறைய நண்டோடு புஷ்பவல்லி வந்தார்.

"எதுக்குக்கா இது?"

"பரிகாரம் பண்ணவன வெறுங்கையா வுடக்கூடாது. வச்சுக்க."

எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என் பகுத்தறிவுக் கொள்கையை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பின்னால் நின்ற இரண்டு பெண்களை முன்னே தள்ளினார்.

"இவங்க வூட்லயும் ஏதோ பேஜாரு. பாத்து சொல்லு."

விளம்பரமே இல்லாமல் என்னைத் தேடி வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.