கீழே வைக்க முடியாத கோப்பை

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் மனிதர்களைப் பார்ப்பார்கள். தைமா கதவுக் கைப்பிடியைப் பார்ப்பாள். ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் அதை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிடுவாள். அத்தை வீட்டில் ஒருமுறை கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. "பாத்தீங்களா, நான் அப்பவே நெனச்சேன்!" என்று அதைத் தூக்கிக் காட்டிச் சந்தோஷப்பட்டாள். அத்தைக்கு அந்தச் சந்தோஷம் இன்றுவரை புரியவில்லை.

தலைநகரமான அம்மானுக்குப் போய்ப் பொருள் வடிவமைப்புப் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள். அது என்ன படிப்பு என்று எங்கள் ஸல்த் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜன்னல் திரைக்கு நிறம் தேர்ந்தெடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். அவளுடைய அம்மா உம்மு லைத் தன்னால் ஆன விளக்கத்தைக் கொடுத்துவந்தாள். "இன்ஜினியர் மாதிரிதான், ஆனா இன்ஜினியர் இல்ல. படமெல்லாம் வரைவா, ஆனா சுவத்துல மாட்ட முடியாது." அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ஸஹாபில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உலகத்தையே திருத்தி வரையும் எண்ணத்தோடு போனவளுக்கு முதலாளி கொடுத்த முதல் வேலை, எண்ணெயில் ஊறும் கத்தரிக்காய் டப்பாவுக்கு ஒரு மூடி. எண்ணெய்க் கையால் திறந்தாலும் வழுக்கக் கூடாது. அவ்வளவுதான். தைமா வாரக்கணக்கில் எண்ணெய்க் கையோடு வீட்டைச் சுற்றி வந்தாள். தொட்ட இடமெல்லாம் பிசுக்கு.

"மூடி வழுக்குதோ இல்லையோ, என் வீட்டுத் தரை வழுக்குது" என்றாள் உம்மு லைத்.

அந்தத் தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் அச்சுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் குஸை. தெற்கே கரக் ஊரிலிருந்து வந்தவன். அதிகம் பேசாதவன். பேசினால் ஒரே வாக்கியம்தான். தைமாவின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதைச் சொன்னான்.

"நல்லாருக்கு. ஆனா அச்சுல இருந்து வெளிய வராது."

"ஏன் வராது?"

"வராது."

"இழுத்துப் பாத்தீங்களா?"

"இழுத்தா மூடியும் வராது, அச்சும் மிஞ்சாது."

அவள் கோபத்தோடு மாற்றி வரைந்தாள். மறுபடி வராது என்றான். மறுபடி வரைந்தாள். கடைசியில் ஒருநாள் முதல் மூடியைத் துணியில் சுற்றி, சூடு ஆறுவதற்குள் அவள் மேசைக்கே கொண்டுவந்து வைத்து, "வந்துடுச்சு" என்றான். மற்ற பெண்களுக்கு ரோஜாப்பூ வரும். இவளுக்கு ஊறுகாய் மூடி வந்தது. அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆனால் அவள் பெருமையெல்லாம் மூடியில் இல்லை, கோப்பையில் இருந்தது. கல்லூரியின் கடைசி வருஷத்தில் அவள் செய்த காப்பிக் கோப்பை. நம் கசப்புக் காப்பியை ஊற்றிக் கொடுக்கும், காது இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் அதே சிறு கோப்பைதான். அதற்காக அவள் செய்த ஆராய்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. பெருநாள் வீடு, துக்க வீடு என்று ஒன்று விடாமல் போய்க் கதவிடுக்கில் நின்று ஆண்கள் காப்பி குடிப்பதை வரைந்தாள். ஒரு துக்க வீட்டில் உம்மு லைத் அவளைக் கிள்ளிவிட்டாள். "எல்லாரும் அழுதுக்கிட்டிருக்காங்க. நீ மட்டும் பென்சில் சீவுற."

பார்த்துப் பார்த்து தைமா ஒரு உண்மையைக் கண்டுபிடித்தாள். ஊற்றுபவர் கெண்டியோடு வருகிறார். விருந்தாளி வாங்குகிறார், குடிக்கிறார், போதும் என்றால் லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்கிறார். கையிலிருந்து கைக்கு. கோப்பை தரையையோ மேசையையோ தொடுவதே இல்லை. அப்படியானால் அதற்கு அடிப்பாகம் எதற்கு? தைமா அடிப்பாகத்தை எடுத்துவிட்டாள். முட்டையின் முனைபோல உருண்டு முடியும் வெள்ளைக் கோப்பை. ஒன்றுக்குள் ஒன்று அழகாக அடங்கும். உள்ளங்கைக் குழியில் வைத்தால் எடுக்கவே மனம் வராது. கீழே வைத்தால் படுத்துக்கொள்ளும். 'இதற்கு இடம் மனிதக் கை மட்டுமே' என்று எழுதி வைத்தாள். நடுவர்கள் உருகிப்போய் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு ஒரு சக்கர நாற்காலிக்குப் போனது. அதில் தனக்கு வருத்தமில்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

பிறகு குஸை வீட்டார் பெண் கேட்டார்கள். தைமாவின் அப்பா அபூ லைத் சாதுவான மனிதர். காலைச் சாப்பாட்டில், வாயில் ரொட்டியோடு, "என்னம்மா, சரிதானே?" என்றார். தைமா ஆலிவ் தட்டைப் பார்த்தாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சங்கடம் பெரியப்பா அபூ நவ்வாஃபிடம் இருந்தது. குடும்பத்துக்கு வாய் அவர்தான். சபையில் அவர் சொன்னது சொன்னதுதான். அப்பா தனியாக ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. பெரியப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. "பையன் நல்ல பையன். சொந்த வீடு இல்ல. ஒரு வருஷம் போகட்டுமே. ஜாஹா வரட்டும், சபையில பேசிக்கலாம்" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்காகப் பெரியவர்கள் கூட்டமாகப் பெண் கேட்டு வருவதுதான் ஜாஹா. அந்த ஒரு வருஷத்தின் நீளம் தைமாவுக்குத் தெரியும். பெரியப்பா தன் சொந்த மகளுக்கும் இதே ஒரு வருஷத்தைத்தான் கேட்டார். அது நாலு வருஷமாகி, மாப்பிள்ளை கனடாவுக்குப் போய், அங்கிருந்து கல்யாணப் படம் அனுப்பினான். வேறொருத்தியோடு.

ஜாஹா வரும் நாளில் வீட்டுக் கோப்பைகள் போதாது என்று பேச்சு வந்தபோது அப்பாதான் சொன்னார். "எம்பொண்ணு செஞ்ச கோப்பை அலமாரி நெறைய இருக்கு. அவ ஜாஹாவுல அவ கோப்பை."

"குழந்தை மாதிரி கையிலயே வச்சிருக்கணுமே" என்றார் பெரியப்பா.

"அதான் பெரியப்பா விஷயமே" என்று தைமா ஆரம்பித்து, கையிலிருந்து கைக்கு என்பதை முழுசாக விளக்கினாள். பெரியப்பா பாதியில் தொழப் போய்விட்டார். ஜாஹாவுக்கென்று அமர்த்தியிருந்த காப்பி ஊற்றுபவர் மட்டும் கோப்பைகளை அடுக்கிக் கலகலவென்று ஆட்டிப் பார்த்து, "சத்தம் நல்லாருக்கு" என்றார். அதோடு முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜாஹா வந்தது. கரக்கிலிருந்தும் அம்மானிலிருந்தும் கார் கார்களாகப் பெரியவர்கள் இறங்கினார்கள். கூடம் நிறைந்தது. தலைமை தாங்கி வந்தவர் ஹாஜ் ஃபவ்வாஸ். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணங்களைக் கேட்டு வாங்கியவர். பெண்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். தைமா கதவிடுக்கில் நின்றாள். மாப்பிள்ளையைப் பார்க்கிறாள் என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவள் பார்த்தது கோப்பையை.

ஊற்றுபவர் முதல் கோப்பையை ஹாஜ் ஃபவ்வாஸிடம் நீட்டினார். அவர் வலது கையால் வாங்கினார். அது அவர் பெரிய உள்ளங்கையில் அழகாக உட்கார்ந்தது. தைமாவின் மனம் குளிர்ந்தது. ஹாஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோப்பையை முன்னாலிருந்த மேசைக்குக் கொண்டுபோனார்.

தைமாவுக்கு உயிரே போயிற்று.

பெண் கேட்டு வருபவர் காப்பியைக் குடிக்க மாட்டார். வாங்கி, எல்லோரும் பார்க்கக் கீழே வைப்பார். வைத்துவிட்டுத்தான் கேட்பார். பெண் வீட்டுப் பெரியவர் "உங்க காப்பியக் குடிங்க" என்றால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. அதற்கு முன் குடித்தால் கேட்க வந்ததைக் கைவிட்டதாக அர்த்தம். எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். துக்க வீடு துக்க வீடாக அலைந்து வரைந்த நம் பட்டதாரிக்கும் தெரியும். ஆயிரம் கோப்பைகள் கையிலிருந்து கைக்குப் போகிற ஊரில் ஒரே ஒரு கோப்பை மேசையில் வைக்கப்படும். அது தன்னைக் கேட்பதற்கான கோப்பை என்பது மட்டும் அவளுக்கு நினைவில் வரவில்லை.

ஹாஜ் வைத்தார். கோப்பை சாய்ந்தது. சட்டென்று பிடித்துக்கொண்டார். மறுபடி மெதுவாக வைத்தார், திரும்பவும் சாய்ந்தது. சாம்பல் கிண்ணத்தில் முட்டுக் கொடுத்துப் பார்த்தார், உருண்டது. இரண்டு சொட்டுக் காப்பி அவருடைய வெள்ளை அங்கியில் விழுந்தது. குஸை கழுத்துவரை சிவந்து கம்பளத்தை வெறித்தான். இதற்கும் ஒரு வாக்கியம் அவனிடம் இருந்திருக்கும். மாப்பிள்ளை சபையில் பேசக் கூடாது.

பெரியப்பா மீசையைத் தடவினார். "என்ன ஹாஜ், காப்பி கையிலயே இருக்கு? கேக்க ஒண்ணும் இல்லையா?"

சிலர் சிரித்தார்கள். ஹாஜ் சிரிக்கவில்லை. "எத்தனையோ வருஷமா காப்பிய வச்சுட்டுத்தான் பேசுறேன், அபூ நவ்வாஃப். கையில வச்சுக்கிட்டு எனக்குப் பேச வராது."

"அப்ப அல்லாஹ்வோட நாட்டம் அதுதானோ என்னமோ. அவசரம் என்ன, ஒரு வரு..."

தைமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். பின்னால் உம்மு லைத் பிடித்த முக்காட்டு நுனி கையில் நிற்காமல் நழுவியது. ஆண்கள் சபைக்குள் கல்யாணப் பெண் வருவது நடக்காத காரியம். நடந்ததும் எல்லோரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். அதைத் தவிர என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

"என்கிட்ட குடுங்க மாமா. நான் பிடிச்சுக்கிறேன்."

ஹாஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதச் செஞ்சது நீதானா?"

"நான்தான்."

"அடிப்பாகத்த எங்கம்மா தொலைச்ச?"

"வேண்டாம்னு எடுத்துட்டேன்" என்றாள். குரல் கீழே போயிற்று. "தப்புதான்."

ஹாஜின் வயிறு சிரிப்பில் குலுங்கியது. கோப்பையை அவள் இரண்டு கைகளுக்குள் வைத்தார். பரிசு வாங்கிய பட்டதாரி மேசையாக நின்றாள். ஹாஜ் பேச ஆரம்பித்தார். இறைவனைப் புகழ்ந்தார், இரண்டு குடும்பங்களின் பாட்டன் முப்பாட்டன்களைப் புகழ்ந்தார், கரக்கையும் ஸல்த்தையும் புகழ்ந்தார். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து தன் முறைக்குத் தயாரானார். ஹாஜ் அவர் பக்கம் திரும்பி, "ஆகவே உங்க மகள..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

"ஒரு நிமிஷம். என் காப்பி இந்தப் பொண்ணு கையில இருக்கு. திருப்பிக் குடுத்தா இவதான் குடுக்கணும். கொட்டினாலும் இவதான் கொட்டணும். அப்ப நான் யாரக் கேக்கணும், ஜமாஅத்தே?"

பெரியப்பா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஹாஜ் தைமாவை நேராகப் பார்த்தார். "சொல்லும்மா. எங்க குஸைக்கு உன்னக் கேட்டு வந்திருக்கேன்."

தைமாவை இதுவரை யாரும் கேட்டதில்லை. ரொட்டியை மென்றுகொண்டே, சரிதானே என்றுதான் கேட்டிருக்கிறார்கள். முழுக் கேள்வியாக, முகத்தைப் பார்த்து, பதில் வரும்வரை காத்திருந்து கேட்டது இவர்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. அப்பாவைப் பார்த்தாள்; அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். குஸையைப் பார்த்தாள். அவன் கம்பளத்தை விட்டுவிட்டு, அச்சு திறக்கும்போது பார்ப்பானே, அப்படி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடும்பத்துக்கு வாயாக இருக்கும் ஆண் மட்டுமே சொல்லும் வார்த்தை அது. அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உங்க காப்பியக் குடிங்க, மாமா."

ஹாஜ் ஃபவ்வாஸ் ஒரே மடக்கில் குடித்தார். பக்கத்து அறையில் குலவைச் சத்தம் கிளம்பியது. பெரியப்பா அந்த ஒரு வருஷத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கூடம் முழுக்க, சம்மதத்தை உறுதி செய்யும் ஃபாத்திஹா ஓதக் கைகள் விரிந்துவிட்டன. அவரும் விரித்தார்.