நான் கிளம்பிய பிறகு விழுந்த நாலு கோல்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று ஹாக்கி பிளே-ஆஃப் ஆட்டத்தில் நம்ம டீம் மூன்று கோல் வாங்கியதும், டிராஃபிக் ஜாமில் மாட்டாமல் கிள்ளானில் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று ஸ்டேடியத்தை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

அதற்கப்புறம் நாலு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள்.

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நுழைந்ததும் கூட்டாளி சேகர் எழுந்து கை கொடுத்தான். "அண்ணே, ரொம்ப தேங்க்ஸ். நீங்க போனதாலதான் ஜெயிச்சோம் லா!"

தே தாரிக் டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "பைனலுக்கும் வாங்க பாஸ். ஆனா பாதியில போயிடுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "டேய், வேர்க்க வேர்க்க ஓடி கோல் போட்டது அந்தப் பசங்க. நான் கார் எடுத்ததுக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"போனீங்க, விழுந்துச்சு. அவ்வளவுதான்ணே."

இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு இதுதான் மரியாதை! பைனலுக்குப் போவேன், கடைசி வரை உட்காருவேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள், மக்களே.

அப்போது கடை டிவியில் நேற்றைய ஆட்டத்தின் ஹைலைட்ஸைக் காட்ட ஆரம்பித்தார்கள். போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அதற்குள் நாலு கோலும் முடிந்திருந்தது.