ஃபிஷ் டெஸ்ட்டும் ஆய்க்குடி நேர்த்திக்கடனும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பேராச்சிக்குச் சாகக்கூட நேரம் கிடையாது. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழக்கடை. மங்குஸ்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறவர்களைத் திட்டிக்கொண்டே விற்றுவிடுவாள். இந்த ஆண்டு சாரலுக்குச் சற்று முன்னால்தான் அவள் மார்பிலிருந்த கட்டியை வெளியூர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அதன்பிறகு அவள் அப்படிச் சிரித்தாலே வீட்டுக்காரர் பாண்டித்துரை எழுந்து வெளியே போய்விடுவார்.

மேற்கொண்டு வைத்தியம் பார்க்கத் தென்காசிக்குப் போனார்கள். டாக்டர் வித்யாலட்சுமி ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"ஹெர்-டூன்னு ஒரு புரதம்மா. செல்லோட மேல்தோல்ல இருக்கும். 'வளரு, வளரு'ன்னு உள்ளே சேதி சொல்றது அதோட வேலை. சில பேருக்கு அதுக்கான ஜீன் பெருகிப் போய், புரதம் அளவுக்கு மேல முளைச்சிரும். கட்டி தறிகெட்டு வளரும்."

"சீசன்ல அருவிக்கரையில நிக்க லாட்ஜ் புரோக்கருவ மாதிரி. ஒருத்தன் நின்னா யாவாரம், கூட்டமா நின்னா ரவுடித்தனம்," என்றாள் பேராச்சி.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். அந்தப் புரதத்தையே பிடிச்சு அடைக்க ஊசி மருந்து இருக்கு. ஆனா உங்களுக்கு அது கூடுதலா இருக்கா இல்லையான்னு ரிப்போர்ட் ரெண்டுங்கெட்டானா வந்திருக்கு. இல்லாதவங்களுக்குக் குடுத்தா பிரயோசனம் இல்ல, இதயத்துக்கும் கெடுதல் வரலாம். ஃபிஷ் டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

பாண்டித்துரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வார்த்தையைத்தான். சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு என்றால், ஃபிஷ் டெஸ்ட்டுக்கு? அன்றிலிருந்து வீட்டில் மீன் கிடையாது. அடுக்களையிலிருந்த கருவாடுகூடப் பக்கத்து வீட்டுக்குப் போனது. மீன் இல்லாமல் சோறு இறங்காத பேராச்சி, டாக்டர் அவரிடம் தனியாகச் சொல்லியிருப்பார் என்று ரசத்தை ஊற்றி விழுங்கினாள்.

பாண்டித்துரையின் அக்கா முத்துவடிவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "அதான் அறுத்து எறிஞ்சாச்சுல்லா? மறுபடி எதுக்குக் கிண்டுதிய? சீசனும் போயிரும்."

"அது பொடியா உள்ள எங்கனயாவது கிடந்தா என்ன செய்ய மதினி? சீசன் அடுத்த வருசமும் வரும். நான் இருக்கணும்லா?"

டெஸ்ட்டுக்கு வேண்டிய கட்டித் துண்டு, அறுவை செய்த ஆஸ்பத்திரியில் மெழுகுக்குள் பதிந்து கிடந்தது. போனில் கேட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். கூட்டம் அலைமோதிய ஒரு சனிக்கிழமை, பேராச்சி கடையைத் தார்ப்பாயால் மூடிவிட்டு பஸ் ஏறினாள். பொறுப்பாளர் இல்லை என்றார்கள்.

"வரட்டும். எங்கிட்ட இருந்து எடுத்ததைத்தானே கேக்கேன்," என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். மதியம் போகச் சொன்னார்கள், போகவில்லை. சாயங்காலம் மெழுகுக் கட்டி கைக்கு வந்தது. நகக்கண் அளவுதான் இருந்தது உள்ளே. இத்துனூண்டுக்கா இந்தப் பாடு என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. பயம் வந்தது பஸ்ஸில்தான். ஊர் வரும்வரை கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அதை டாக்டரிடம் கொடுக்கும்போது பாண்டித்துரை பெருமையாகச் சொன்னார். "அன்னைலேர்ந்து வீட்டுல மீனே எடுக்கல டாக்டர். கருவாடுகூடக் கிடையாது."

டாக்டருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஐயோ! ஃபிஷ்ங்கிறது டெஸ்ட்டோட சுருக்கப் பேருங்க. செல்லுக்குள்ள அந்த ஜீன் எத்தனை இருக்குன்னு மினுமினுக்க வச்சு எண்ணுவாங்க. மீனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பேராச்சி வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே வந்ததும் அவர் முந்திக்கொண்டார். "ஏட்டி, அது டெஸ்ட்டுக்காவ இல்ல. ஆய்க்குடி முருகனுக்கு நேந்திருக்கேன். ஒனக்கு வைத்தியம் முடியுத வரைக்கும் மீன் கிடையாது."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லையாம். வைது தீர்க்கத்தான் வாயைத் திறந்தாள். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ரிசல்ட் கடையில் இருக்கும்போது போனில் வந்தது. கேட்ட பாண்டித்துரை பழப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பாசிட்டிவாம்."

கொரோனாவில் அவர் தம்பிக்கும் இதே வார்த்தைதான் வந்தது. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். போன தம்பி திரும்பவில்லை. அவருக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் தெரியாது.

பேராச்சி தராசைப் பிடித்துக்கொண்டாள். "எந்திரிங்க. டாக்டரு சொன்னது மறந்துபோச்சா? அது கூடுதலா இருந்தாத்தான் மருந்துக்குப் பிடி. இருக்கு. புரோக்கருவள கண்டுபிடிச்சாச்சு, இனிப் பிடிக்கணும், அவ்வளவுதான்." சொல்லி முடித்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மங்குஸ்தானை அமுக்கிக்கொண்டிருந்த ஆள் மெதுவாகப் பழத்தைக் கீழே வைத்தான்.

மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "ஊசி எம்புட்டு நாளைக்காம்?"

"ஒரு வருசம் போடணுமாம்."

"ஒரு வருசமா? அது வரைக்கும் ரசத்தைக் குடிச்சிக்கிட்டு என்னால மல்லுக்கட்ட முடியாது. முருகன்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க போய் நல்ல சாளை மீனாப் பாத்து வாங்கிட்டு வாங்க."