மேகம் போடாத அறை

வரைபடத்தில் ஒரு திருத்தம் செய்தால் அந்த இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு போடுவோம். அடுத்த திருத்தத்தில் பழைய மேகத்தை அழித்துவிட்டு, புதிதாக மாறிய இடத்துக்கு மட்டும் போடுவோம். சிவில் படித்த எல்லாருக்கும் தெரிந்த விதிதான். இதைத் தெரியாதவர்களுக்கு விளக்கும்போது நான் கொஞ்சம் கெத்து காட்டுவேன்.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றும் வேலை. பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆச்சி மட்டும் பாக்கி. நான்காவது திருத்தத்தை அவர் முன் விரித்தேன்.

“மேகம் போட்ட இடத்தை மட்டும் பாருங்க ஆச்சி. அதுதான் மாறியிருக்கு.”

“குளியலறைதானே? மாத்திக்கங்க. கல்யாணத்தப்ப எனக்குக் குடுத்த அறையில கை வைக்கலையில்ல, அது போதும்” என்று பேனாவைத் திறந்தார்.

அந்த அறையில்தான் லிஃப்ட் வருகிறது. அது மூன்றாவது திருத்தம். அதை அவருக்கு யாரும் அனுப்பவே இல்லை. அதன் மேகத்தை விதிப்படி நான்தான் அழித்திருந்தேன்.

பக்கத்திலிருந்த எங்கள் ஆபீஸ் முதலாளி என் காலை மிதித்தார். நான் பென்சிலை எடுத்து அந்த அறையைச் சுற்றி மேகம் போட்டேன்.

“இங்குட்டும் மாறியிருக்கு ஆச்சி. லிஃப்ட் வருது.”

அவர் பேனாவை மூடினார். “ஏந்தம்பி, இதைச் சொல்லாமயா கையெழுத்து வாங்க வந்தீக?”

“உன்னை எவன்டா கேட்டான்?” என்று காரில் முதலாளி காரைக்குடி வரை கத்தினார். கடைசியில் லிஃப்ட்டைப் பின்கட்டுக்குத் தள்ளி ஐந்தாவது திருத்தம் போட்டோம்.

இப்போது யாரிடம் வரைபடத்தை விரித்தாலும் முதலில், “இதுக்கு முன்னாடி எதைப் பாத்தீக?” என்று கேட்டுவிடுகிறேன்.