‘ஒய்’ தட்டிய பிறகு

கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதுசாக்கிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் பயப்பட வேண்டும். அது ஆங்கில ‘ஒய்’. ‘உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், சம்மதமா?’ என்று கறுப்புத் திரை கேட்கும். ஒய் தட்டினால் சம்மதம். தட்டிவிட்டு ‘ஐயோ’ என்றால் அதற்குக் காது கிடையாது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், தி.நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த சர்வீஸ் சென்டரில் நாலு வருஷம் நான் இந்த ஒய்யைத் தட்டிக்கொண்டிருந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “இன்ஜினியர் இல்லையா?” என்பார்கள். நான்தான் என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு கலவரம் வரும். கொஞ்ச நேரத்தில் அது எனக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு பிரதியாக இருக்கும் பைலைப் பிறத்தியார் கையில் கொடுத்துவிட்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும். உட்காராதவர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நல்ல நேரம்

பனகல் பார்க் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் கம்ப்யூட்டர், புடவை வாங்கியவர் பஸ் ஏறிய பிறகுதான் பில் அடிக்கும். எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் எடுத்துவைத்து, துடைக்கத் தயாரானபோது செவ்வாய்க்கிழமை மணி மூன்று. சரியாக ராகு காலம். சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி நிறுத்தச் சொல்வார் என்று கையை எடுத்துக்கொண்டேன். அவரோ, அழிக்கிறதை இப்பவே அழி, ஏத்துறதை மட்டும் நாலரைக்கு மேல் ஏத்து என்றுவிட்டார்.

ஆக, ஒன்றரை மணி நேரம் அந்த மிஷின் காலியாகக் கிடந்தது. எதிரே நான். கையில் இருக்கும் ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தால்? கரண்ட் போனால்? சிடி படிக்காமல் முரண்டு பிடித்தால்? ஃபிளாப்பிகளைப் பதினோரு தடவை எண்ணினேன். அண்ணாச்சி எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். எப்படி உங்களால் நிம்மதியாக இருக்க முடிகிறது என்று கேட்டே விட்டேன். “அழிக்கிறதுக்கு எதுக்கும்மா நேரம்? வைக்கிறதுக்குத்தான் நேரம் பாக்கணும். நீ மோரைக் குடி.”

உள்ளே பார்க்கக் கூடாது

பெசன்ட் நகரில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர். நெற்றியில் திருநீறு, பேச்சில் பணிவு. கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது, துடைத்துவிடுங்கள் என்றார். எதையெல்லாம் எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். திறந்து பார்க்கிறேன் என்றால் அதற்கும் தலையாட்டவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நான் எந்த ஃபோல்டரையும் திறந்துவிடாமல் காவல் இருந்தார். எனக்கு என்னவோ போல இருந்தது. வெறும் மிஷினைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு ஒய் தட்டினேன்.

எல்லாம் முடிந்து நான் பையைத் தூக்கும்போது சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்து, பெண் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை அனுப்புவது என்று முந்நூறு விலாசம் தட்டி வைத்தோமே, அது இருக்கிறதல்லவா என்று என்னைக் கேட்டாள். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தபடி சொன்னார். “வைரஸ் எல்லாத்தையும் சாப்பிட்டுடுத்துடி. நல்லவேளை, இவா வந்து மிஷினையாவது காப்பாத்தினா.”

துண்டில் சுற்றிய லேப்டாப்

வத்சலா மேடம் மயிலாப்பூர்க்காரர். ஒரு மகளிர் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். ஒரு புதன்கிழமை காலையில், பூத்துவாலையில் சுற்றித் துணிப்பையில் வைத்த லேப்டாப் ஒன்றை மாரோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அமெரிக்காவில் இருக்கும் தம்பி, தன் ஆபீஸில் கழித்துப்போட்டதை வாங்கி அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. தம்பியின் ஆபீஸ் குப்பை, கோல்ஃப் விளையாட்டு, யார் யாருடைய போட்டோவோ எல்லாம் அதற்குள் அப்படியே கிடந்தன. ஆன் செய்துவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்கூட அது விழித்திருக்காதாம்.

அதில்தான் அவருடைய பிஎச்.டி. ஆய்வேடு இருந்தது. கடலோரக் குப்பங்களில் மீனவப் பெண்கள் பாடும் பாட்டுகளைப் பற்றி, ஆறு வருஷம் அலைந்து எழுதியது. ஆறு அத்தியாயம், முந்நூறு பக்கத்துக்கு மேல். வருகிற திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. இந்த முறை தவறினால் பதிவே ரத்து. கடைசித் திருத்தம் போடுவதற்குத்தான் லேப்டாப்பைத் துடைத்துத் தரச் சொன்னார்.

நான் எல்லா ஜாக்கிரதையும் எடுத்துக்கொண்டேன். ஆறு பைலையும் இரண்டு செட் ஃபிளாப்பியில் ஏற்றினேன். எங்கள் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்துகூடப் பார்த்தேன். ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கிறுக்கலாக வந்தது. எங்கள் மிஷினில் தமிழ் கிடையாது, அதனால் அப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன். அது சரிதான். அதற்கு அடுத்தபடி நினைக்க வேண்டியதைத்தான் நினைக்கவில்லை. ஒய் தட்டும்போது, மேடம் படியிறங்குமுன் சொல்லிவிட்டுப் போனது காதில் இருந்தது. “பதமாப் பண்ணும்மா. இதுக்கு இன்னொரு பிரதி என் மண்டைக்குள்ளகூட இல்லை.”

பேர் எங்கே

சாயங்காலம் மேடம் வந்தபோது லேப்டாப் பறந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். முதல் பைலைத் திறந்தேன். அதே கிறுக்கல். பதறாமல், எங்கள் சிடி ஒன்றில் கிடந்த ஒரு தமிழ் ஃபாண்ட்டை ஏற்றினேன். இப்போது தமிழ் எழுத்துகள் வந்தன, ஆனால் தமிழ் வரவில்லை. ‘மீனவர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஙூடறெ’ என்பதுபோல ஏதோ இருந்தது.

அந்தக் காலத்தில் தட்டெழுதியவர்களுக்குத் தெரியும். ஃபாண்ட் செய்கிற ஒவ்வொருவரும் ‘க’வை அவரவருக்குத் தோன்றின இடத்தில் வைப்பார்கள். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. மேடத்தின் ஃபாண்ட், தம்பியின் சிநேகிதர் ஒருவர் சொந்த உபயோகத்துக்குச் செய்தது. லேப்டாப்போடு வந்தது. அது மேடத்தின் பைல்களோடு இருக்கவில்லை. விண்டோஸின் சொந்த அறைக்குள் இருந்தது. அந்த அறையைத்தான் நான் சுத்தமாகத் துடைத்திருந்தேன்.

தப்பு என்னுடையது என்று அங்கேயே சொன்னேன். மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மேலும் கீழும் தேடினார். “என் பேராவது இதுல எங்கே இருக்குன்னு காட்டும்மா.”

ஃபாண்ட் வேட்டை

வியாழக்கிழமை காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன் போட்டோம். தம்பி தூக்கக் கலக்கத்தில், அந்தச் சிநேகிதர் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார், நம்பர் தெரியாது, விசாரிக்கிறேன் என்றார். மேடம் ரிசீவரை வைத்த விதத்திலேயே அந்த வழி அடைபட்டது தெரிந்தது.

பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. முதல் அத்தியாயத்தை மட்டும் கைடுக்குக் காட்டுவதற்காக மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டரில் பிரின்ட் எடுத்திருக்கிறார். அதற்காக அந்தக் கடைக்காரர் ஃபாண்ட்டைத் தன் மிஷினில் ஏற்றிக்கொண்டாராம். எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் வந்தது. ஆட்டோவில் போகும்போது நான் வேண்டாத சாமி இல்லை. கடைக்காரர் நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்து நின்று தலையைச் சொறிந்தார். “அத்த போன வாரந்தான் மேடம் தூக்கிட்டேன். ஃபாண்ட் ரொம்ப கீது, அதான் சிஸ்டம் ஸ்லோன்னு இவங்கள மாதிரி ஒரு சர்வீஸ்காரருதான் சொன்னாரு.”

பாட்டும் பட்டியலும்

எங்கள் முதலாளி மோகன் சாரிடம் போய் நின்றேன். அவர் திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். “அழுதா ஃபாண்ட் வருமா? அந்த முதல் சாப்டர் பேப்பர் கீதுல்ல, அத்த வெச்சிக்கினு மேடம் வீட்ல போய் குந்து. திங்கக்கிழமை வரைக்கும் இங்க வராத” என்றார்.

அப்படித்தான் உட்கார்ந்தேன். கைடின் சிவப்பு மைத் திருத்தங்களோடு முதல் அத்தியாயம் காகிதத்தில் ஒழுங்கான தமிழில் இருந்தது. அதே அத்தியாயம் திரையில் உளறிக்கொண்டிருந்தது. காகிதத்தில் ‘க’ இருக்கும் இடத்தில் திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டோம். மேடம் படிப்பார், நான் எழுதுவேன். பிறகு தேடி மாற்றும் கட்டளை கொடுத்தேன். முதல் தடவை அவசரத்தில் ஒவ்வொன்றாக மாற்றினதில், மாறிய எழுத்துகள் மறுபடி மாறி, அத்தியாயம் முழுக்க ‘ம’வாகப் போயிற்று. அன்றைக்கு மேடத்துக்குத் தெரியாமல் பாத்ரூமில் போய் அழுதேன். நல்லவேளை, பிரதியில்தான் செய்திருந்தேன். மறுநாள் எல்லா எழுத்துக்கும் முதலில் நம்பர் கொடுத்து, அப்புறம் நம்பரை எழுத்தாக மாற்றினேன். தமிழ் மெல்ல மெல்லத் தலைகாட்டியது.

முதல் அத்தியாயத்தில் வராத எழுத்துகள்தான் பிராணனை வாங்கின. சனிக்கிழமை மத்தியானம், நாலாம் அத்தியாயத்தில் ஒரு குறி என்னவென்றே தெரியாமல் நின்றோம். முன்னும் பின்னும் தெரிந்தது: ‘கடலுக்குப் போற மச்சான், கண்’, அப்புறம் அந்தக் குறி, அப்புறம் ‘று’. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பாடி நான் கேட்டதில்லை. குப்பத்துப் பெண்கள் பாடுகிற மெட்டிலேயே, மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், குரலை எடுத்துப் பாடினார். ‘கண்ணூறு கழிச்சுப் போ’ என்று வந்ததும் சட்டென்று நிறுத்தி, ‘ணூ’ என்று மேஜையைத் தட்டினார். நான் அதைப் பட்டியலில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் பட்டியலே தேவைப்படவில்லை. நான் மாற்றி முடிக்குமுன்பே மேடம் அந்த உளறலை அப்படியே கடகடவென்று வாசிப்பார். “விடும்மா, இதுவே பழகிடுத்து. நம்ம தமிழ்தான் இனிமே கஷ்டமா இருக்கும்போல இருக்கு.”

கட்டத்துக்குள் ஒரு பாட்டு

திங்கட்கிழமை காலை அதே டிடிபி சென்டரில் பிரின்ட் எடுத்தோம். கடைக்காரர் குற்ற உணர்ச்சியில் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டார். மேடம் ஒவ்வொரு பக்கமாக வாய்விட்டு வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். எங்கும் தடங்கல் இல்லை. பைண்டிங் முடிந்து பல்கலைக்கழகக் கவுன்டரில் நீட்டியபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம். ரசீதை வாங்கியதும் மேடம் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து, வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு எங்கள் மாடிக்கு வந்தார். பட்டம் உறுதியாகிவிட்டது. ஆய்வேட்டைப் பிரித்து நூற்று எண்பத்தேழாம் பக்கத்தைக் காட்டி, படி என்றார். ஒரு கட்டத்துக்குள் எட்டு வரிப் பாட்டு. படித்தேன். வலை இழுக்கிற பாட்டு, நன்றாகத்தான் இருந்தது. “சரியாத்தானே இருக்கு மேடம்?” என்றேன். பக்கத்து சீட்டு ரவியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ரவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டம் போட்ட பகுதிக்குள் தேடி மாற்றும் கட்டளை நுழைவதில்லை. பாட்டு முழுக்க அந்த உளறலிலேயே அச்சாகியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

எக்ஸாமினர் இதைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தார், படிக்கச் சொன்னார், நான் தடுமாறாமல் படித்தேன் என்றார் மேடம். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். “‘இது அவங்களோட குழூஉக்குறியாம்மா?’ன்னு கேட்டார். ‘ஆமா சார், தெரிஞ்சவா ரொம்பக் கம்மி’ன்னுட்டேன்.”

ஒரு லேப்டாப்பைத் துடைத்துப் புதுசாக்க அரை நாள் போதும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், துடைத்தவள் பழையபடி சோறு தின்ன எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.