சந்தோஷத்துக்கும் பயந்தவள்

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வினோதாவுக்கு வேலை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்கிற கைக்குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்ள வேண்டும். பதினொரு வருடமாகப் பார்க்கிறாள். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்கும், எது பால் குடித்த கையோடு கக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வியாழக்கிழமை விடியலிலிருந்தே மழை. லெட்சுமியின் பத்து மாதப் பெண்குழந்தை கனிஷ்கா பல் முளைக்கிற எரிச்சலில் ஒரு மணி நேரமாக வீறிட்டுக்கொண்டிருந்தது. வினோதா தோளில் போட்டுத் தட்டினாள், ஏணைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாள், பாடியும் பார்த்தாள். அந்த அழுகை அவள் மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல் இறங்கியது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் அழுதிருக்கின்றன, இப்படி ஒருநாளும் இறங்கியதில்லை.

"வினோதா! கைய விடு! விடுடி!"

கூட வேலை செய்யும் இராசம்மா கத்தியபோதுதான் அவள் குனிந்து பார்த்தாள். குழந்தையின் புஜத்தை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. அது தன் கைதான் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரலை எடுத்த இடத்தில் நாலு சிவப்புத் தடம்.

இராசம்மா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். வினோதா சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். தாய் மீனம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

மீனம்மாவும் இப்படித்தான். ஒரு வாரம் வரிசை வீடுகளான லயம் முழுவதையும் கூட்டிப் பெருக்கி, பக்கத்துவீட்டுத் துணியெல்லாம் வாங்கித் துவைத்து, சிரிப்பும் பாட்டுமாகத் திரிவாள். அடுத்த வாரம் கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். அப்புறம் பேச்சே இருக்காது. பூசாரி வந்து வேப்பிலையால் அடித்துப் பார்த்தார். கடைசியில் அப்பா அவளைப் பின் காம்பராவில் போட்டுப் பூட்டினார். கதவின் கீழ்ச் சந்து வழியாக வினோதா ரொட்டி தள்ளிவிடுவாள். சில நாள் உள்ளிருந்து ஒரு கை வந்து ரொட்டியை எடுக்கும். சில நாள் வராது. ஒரு மார்கழிக் குளிரில் நெஞ்சுச்சளி கட்டி அந்தக் காம்பராவிலேயே மீனம்மா செத்துப்போனாள். அப்போது வினோதாவுக்கு வயது ஒன்பது.

இப்போது அவள் மகள் சுலக்ஷனாவுக்கும் ஒன்பதுதான்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நின்று தாயின் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள் என்பது வினோதாவுக்குத் தெரியும். போன மாதம் ஒருநாள், அலமாரியிலிருந்த கண்ணாடிக் கிளாஸ்களை அவள் சத்தமில்லாமல் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைப்பதை வினோதா பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் லெட்சுமி பால் கொடுக்க வந்தாள். குழந்தையின் சட்டைக் கையை இழுத்துவிட்டுத் தடத்தை மறைத்திருந்தார்கள். இராசம்மா கண்ணாலேயே 'பேசாமல் இரு' என்றாள். வேலை போய்விடும், தோட்டம் முழுக்கப் பேசும். அதெல்லாம் வினோதாவுக்கும் தெரியும். ஆனால் மறைத்துவிட்டால் நாளைக்கும் இதே கையோடு தான் இங்கே வர வேண்டும் என்ற நினைப்பு, வேலை போகிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"லெச்சுமி, புள்ள கையப் பாரு," என்றாள். "நாந்தான் புடிச்சேன். எப்புடிப் புடிச்சேன்னு எனக்கே தெரியல."

லெட்சுமி சட்டையை விலக்கிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"ஒங்களயா அக்கா நான் நம்பி விட்டுட்டுப் போனேன்?" என்று மட்டும் கேட்டாள். குழந்தையைச் சேலையால் போர்த்திக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

வினோதாவின் கணவன் நிரஞ்சன் கொட்டகலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். அன்று சாயங்காலம் விஷயம் முழுவதையும் கேட்டான்.

"கோயில்ல ஒரு தடவ தண்ணி ஓதித் தெளிச்சுப் பாப்பமா?" என்றான்.

"எங்கம்மாவுக்கும் அப்புடித்தான் தொடங்குனாங்க," என்றாள் வினோதா.

அடுத்த வாரம் இராசம்மாதான் அவளை பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மனநோய் கிளினிக் என்று எழுதியிருந்த பலகையைக் கண்டதும் வினோதாவின் கால் நின்றுவிட்டது. "உள்ள போட்டுக்கிட்டா என்னக்கா செய்றது?"

"நான் வாசல்லயே இருக்கேன். நீ வராம நான் பஸ் ஏற மாட்டேன்."

டாக்டர் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் வரும். வராததைப் பக்கத்தில் நின்ற நர்ஸ் சொன்னாள். கோபத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று வினோதா நினைத்திருந்தாள். டாக்டரோ சந்தோஷத்தைப் பற்றிக் கேட்டார். தூங்காமலே களைப்பில்லாமல் இருந்த நாள் உண்டா? நினைப்பு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுமா?

வினோதாவுக்குச் சித்திரை மாதம் நினைவுக்கு வந்தது. நாலு நாள் கண்ணே மூடாமல் வீட்டுக் கம்பளி அத்தனையும் துவைத்தாள். தையல்கடை போடப்போகிறேன் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த நாட்கள் என்று அவள் பத்திரமாக வைத்திருந்தவை அவை.

"அதுவும் இதே வருத்தந்தான், இதே நோய்தான்," என்றாள் நர்ஸ். "மேல ஏத்துறதும் அதுதான், கீழ போடுறதும் அதுதான். ஒங்க கொணம் கெட்டுப்போகல. பேயும் இல்ல."

ஆறுதலாக இருந்திருக்க வேண்டிய பேச்சு. வினோதாவுக்கு அப்படி இல்லை. கோபம் நோய் என்றால் சரி. சிரித்ததும் நோய் என்றால், தனக்கென்று மிஞ்சுவது எது?

மாத்திரை கொடுத்தார்கள். அடிக்கடி இரத்தம் சோதிக்க வரச்சொன்னார்கள். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினாள், மனம் எப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார்கள். நன்றாக இருக்கிறது என்று தானாக மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

முதல் மாதங்கள் லேசாக இல்லை. கை நடுங்கியது, வாய் உலர்ந்தது, மருந்தை இரண்டு தடவை மாற்றினார்கள். வேலை போகவில்லை, ஆனால் டாக்டர் சரி என்கிறவரை அவள் பிள்ளைகளைத் தொடவில்லை. துணி துவைத்தாள், பால் காய்ச்சினாள். தூக்குவதும் தாலாட்டுவதும் இராசம்மாவின் வேலையாயிற்று. லெட்சுமி மூன்று மாதம் கழித்துத்தான் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்தாள். வினோதாவைத் தாண்டிப் போய் இராசம்மாவின் கையில் கொடுத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் கொடுக்கிறாள். வினோதா அதற்காக வருத்தப்படுவதில்லை.

கொப்பியில் எழுதுவதைச் சுலக்ஷனா ஒருநாள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, எனக்கும் இது வருமா?"

வினோதாவுக்குப் பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. "தெரியல மகள். வந்தா எனக்கு அடையாளம் தெரியும். நீ மறைக்காமச் சொல்லணும்." பிள்ளை சரியென்று தலையாட்டிவிட்டு விளையாடப் போனாள்.

போன தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை மழையெல்லாம் விட்டு மலை பளிச்சென்று இருந்தது. வேலைக்கு நடந்தவள் பாதி வழியில்தான் கவனித்தாள், தான் பாடிக்கொண்டு வருவதை. பாட்டு நின்றது. மிச்சத் தூரத்தை ஓட்டமாக ஓடிப் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தாள்.

"அக்கா, என்னையப் பாருங்க. நான் ரொம்பப் பேசுறனா? கண்ணு ஒருமாதிரி இருக்கா?"

இராசம்மா அவள் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். "ராத்திரி தூங்குனியா?"

"ஏழு மணித்தியாலம்."

"மாத்திர?"

"போட்டேன்."

"அப்ப ஒண்ணுமில்லடி. சும்மா சந்தோசமா இருக்க."

வினோதாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன வருமோ என்று காத்திருப்பவள்போல, ஏணைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் வரவில்லை. அப்புறம் பால் காய்ச்சப் போனாள்.