கடைமடைக்குத் தண்ணீரோடு வந்த சைக்கிள்

நான்கு வருடமாக நான் சைக்கிள்காரர்களைப் பின்தொடர்கிறேன். நேரில் அல்ல, கைபேசியில். பனிமலை ஏறுகிறவர்கள், பாலைவனத்தில் லாரியை நிறுத்திக் குடிக்கத் தண்ணீர் கேட்கிறவர்கள், மழையில் கூடாரம் கிழிந்து அழுகிறவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். அதில் ஒருத்தியை மட்டும் ஒரு நாள்கூட விடமாட்டேன். தன்னந்தனியாக நாடு நாடாகப் போகிறவள். அவள் பேசுகிற மொழி எனக்குப் புரியாது. ஆனால் எப்போது களைத்திருக்கிறாள், எப்போது பொய்யாகச் சிரிக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் ‘சாப்பிட்டியாம்மா?’ என்று தமிழில் எழுதுவேன். ஒரே ஒரு தடவை பதிலுக்கு ஓர் இதயம் வந்தது. ஓடிப்போய் என் கணவரிடம் காட்டினேன்.

“சோறு கொழஞ்சிடப் போவுது, போய்ப் பாரு” என்றார்.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். கல்லணையில் திறக்கிற தண்ணீர் ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் குறைந்து, கடைசியாக வந்து சேருகிற இடம். எங்களுக்குக் கீழே அலையாத்திக் காடும் கடலும்தான். நிலத்தடி நீர் உப்பு. எல்லாருக்கும் பந்தி முடிந்த பிறகு இலை போடப்படுகிறவர்கள் நாங்கள்.

அந்த வருடம் குளத்தில் மிச்சம் கிடந்த தண்ணீரை இறைத்துக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். நாற்று நன்றாக வந்தது, குளம் வற்றிவிட்டது. இனி ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் நடவு. நாற்று இருபத்தைந்து நாளைத் தாண்டினால் முற்றிவிடும், பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். கல்லணை திறக்கிற நாளில் எங்கள் நாற்றுக்குப் பதினான்கு நாள் ஆகியிருக்கும் என்று கணவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எவ்வளவு காலத்துக்கு ஊரான் வீட்டுச் சைக்கிளையே பார்ப்பது? கல்லணைக்குப் போய், தண்ணீர் திறக்கிறபோது கிளம்பி, அதோடு கூடவே கரையோரமாக மிதித்து வயல் வரைக்கும் வந்துவிடலாமே.

“ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க” என்றார் கணவர். “நாப்பத்தாறு வயசுல ஒனக்கு எதுக்கு இது?”

“நீங்க பதினோரு வருஷம் வெளிநாட்டுல இருந்தீங்களே, நான் கேட்டனா?”

மறுநாள் அவரே சைக்கிளுக்கு எண்ணெய் போட்டார். எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் அது. அவள் கோயம்புத்தூரில் படிக்கப் போன பிறகு மாட்டுக்கொட்டகையில் சும்மா நின்றது. கியர் கிடையாது, முன்னால் கூடை உண்டு. வீடியோவில் இரண்டு பக்கமும் நனையாத பை மாட்டியிருப்பார்கள். நான் இரண்டு யூரியாச் சாக்கைக் கழுவித் தைத்து மாட்டினேன். அதைவிட நனையாத பை உலகத்தில் கிடையாது. பஞ்சர் ஒட்ட வீடியோ பார்த்தே கற்றிருந்தேன்.

முந்தின நாள் மீன் ஏற்றிப்போன குட்டியானை வேனில் சைக்கிளோடு கல்லணைக்குப் போய்ச் சேர்ந்தேன். மீன் வாடை அந்தப் பயணம் முடிகிற வரைக்கும் என்னை விடவில்லை.

காலையில் மதகுகள் உயர்ந்தன. கூட்டம் பூவும் விதைநெல்லும் தூவியது. நானும் ஒரு கை தூவிவிட்டு வெண்ணாற்றங்கரையில் மிதிக்க ஆரம்பித்தேன். முதல் நாளே பெரிய முட்டாள்தனம் செய்தேன். வீடியோக்காரர்கள் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் என்பதையே பெருமையாகச் சொல்வார்கள். நானும் தலை தெறிக்க மிதித்துச் சாயங்காலத்துக்குள் தஞ்சாவூர் வந்துவிட்டேன். பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஆறு காய்ந்து கிடக்கிறது. ஆடு மேய்கிறது. நான் அழைத்து வர வேண்டியவர் எங்கேயோ பின்னால் தங்கிவிட்டார்.

வயல்காரிக்கு இது தெரியாமல் போயிற்றே என்று என்மேலேயே எனக்கு எரிச்சல். காய்ந்த மணல் முதலில் குடித்துவிட்டுத்தானே தண்ணீரை விடும்? மறுநாள் வந்த வழியே திரும்பி மேற்கே மிதித்தேன். தென்பெரம்பூர் பக்கம் தண்ணீரின் தலையைப் பார்த்தேன்.

அதுவரை நான் ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்திருக்கிறேன், வந்து பார்த்ததில்லை. நுரையையும் சருகையும் தேங்காய் மட்டையையும் ஒற்றைச் செருப்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. காய்ந்த மணலைத் தொடுகிறபோது சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறின. கொக்குகள் பின்னாலேயே வந்தன. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டுத் தனியாக நின்று கைதட்டினேன்.

அதை வீடியோ எடுத்து எங்கள் வாய்க்கால் விவசாயிகளின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். அவ்வளவுதான், எனக்கு ரசிகர்கள் வந்துவிட்டார்கள். விடிந்தால், “அக்கா, தண்ணி எங்க வருது?” மத்தியானம், “சின்னம்மா, எந்தப் பாலம் தாண்டிச்சு?” என் சைக்கிளைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. நான் விழுந்து முழங்கால் சிராய்த்ததைப் படத்தோடு போட்டேன். அதற்குக் கீழேயும் ஒருவர், “பின்னாடி தண்ணி தெரியுதே, அது எந்த எடம்?” என்று கேட்டார்.

வீடியோக்காரர்கள் ஆற்றோரம் கூடாரம் போட்டு ரொட்டி தின்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தஞ்சாவூரில் சின்னம்மா மகள் வீடு, நீடாமங்கலத்தில் அக்கா வீடு, மன்னார்குடிக்குக் கிழக்கே என் கணவரோடு வெளிநாட்டில் ஒரே அறையில் இருந்த நண்பரின் வீடு. இத்தனை பேர் இருக்க வெளியில் படுத்தால் அடுத்த கல்யாணத்தில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள். பகலெல்லாம் தண்ணீரோடு மிதிப்பது, பொழுது சாய்ந்ததும் பக்கத்தில் உள்ள வீட்டுக்குப் போவது, காலையில் திரும்பவும் தண்ணீரைத் தேடிப் பிடிப்பது. நண்பரின் மனைவி தேங்காய்ச் சோறு ஆக்கிக் கறி வைத்து, “நல்லா சாப்பிடுங்க அண்ணி, சைக்கிள் மிதிக்கணும்ல” என்று சொல்லிச் சொல்லியே மூன்று தடவை பரிமாறினாள். நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து எடை கூடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் நீடாமங்கலத்தில் எல்லாச் சந்தோஷமும் நின்றது. அங்கே மூணாறு தலைப்பில் தண்ணீர் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று மூன்றாகப் பிரிகிறது. எங்களுக்கு வருவது கோரையாறு. அந்த மதகு மட்டும் மூடியிருந்தது. மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கரிடம் போனேன்.

“மத்த ரெண்டும் மொதல்லங்க. கோரையாத்துக்கு நாளன்னைக்குத் தொறப்பாங்க.”

“எங்க நாத்துக்கு இன்னைக்கோட பதினெட்டு நாள் ஆச்சுங்க.”

“எல்லார் நாத்துக்கும்தாம்மா வயசு ஆவுது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. சண்டை போட ஆளில்லாமல் மதகின் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தேன். நாளை மறுநாள் திறந்தாலும் இருபது. அங்கிருந்து ஊருக்கு எத்தனை நாள் ஆகும்? நான் கூடவே மிதிப்பதால் தண்ணீர் ஒரு அடிகூட வேகமாக வராது என்பது அப்போதுதான் உறைத்தது. எதற்கு இந்தக் கூத்து என்று அழுகை முட்டியது. குழுவில், “கோரையாறு இன்னும் தொறக்கல” என்று மட்டும் போட்டேன். வருத்தமுகங்கள் வரிசையாக வந்தன. அப்புறம் என் கணவரின் குரல் வந்தது. குழுவில் அத்தனை பேர் கேட்க, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“தண்ணி கெடக்குது, அது வர்றப்ப வரும். நீ சாப்பிட்டியா?”

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் கேட்கிற கேள்வி. அதை அவர் ஊரறியக் கேட்டது அன்றைக்குத்தான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வெட்கமாகவும் இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது. அக்கா வீட்டுக்குப் போய் நிஜமாகவே சாப்பிட்டேன்.

சொன்னபடி இரண்டாம் நாள் கோரையாறு திறந்தது. லஸ்கர் என்னைப் பார்த்து, “போங்கம்மா, ஒங்க தண்ணியக் கூட்டிட்டுப் போங்க” என்று கையசைத்தார். அப்புறம் நான்கு நாள் எனக்கும் தண்ணீருக்கும் நல்ல சிநேகம். நான் முன்னால் போய்ப் புளியமரத்தடியில் காத்திருப்பேன், தண்ணீர் வந்து சேரும். பாலத்துக்குப் பாலம் ஆட்கள் கூடி நின்றார்கள். “தண்ணிக்கார அக்கா வருது” என்று ஒருவர் கத்தினார். உலகம் சுற்றுகிற அந்தப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு பட்டம் கிடைத்திருக்காது.

ஊர் வாய்க்காலுக்குள் தண்ணீர் நுழைந்தபோது நாற்றுக்கு இருபத்து நான்காம் நாள். இரண்டு கிலோமீட்டர்தான் பாக்கி. தண்ணீரை நூறு அடி பின்னால் விட்டு, மகாராணி மாதிரி வந்துகொண்டிருந்தேன். அப்போது பின் சக்கரம் சொத்தென்று உட்கார்ந்தது. கருவேல முள், அதுவும் இரண்டு இடத்தில். ஒட்டலாம் என்று எடுத்தால் பசைக் குழாய் காய்ந்து கட்டியாகிக் கிடக்கிறது. நான் அதைப் பிதுக்கிக்கொண்டிருக்கையில் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வந்து, என் சைக்கிளைத் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. ஒன்பது நாளாக அதற்காக நான் காத்திருந்தேனே, எனக்காக அது ஒரு நிமிடம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகும் அரைமணி நேரம் பசையோடு மல்லுக்கட்டிவிட்டு, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கூடையில் கைபேசி அலறியது. குழுவில் என் கணவர்.

“தண்ணி வந்துருச்சு. கூட்டிட்டு வரப் போனவளத்தான் காணும்.”

அதற்குக் கீழே வாய்க்கால் முழுக்கச் சிரித்தது.

மூச்சிரைக்க நான் வயலுக்கு வந்து சேர்ந்தபோது வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். எங்களுக்கு முன்னால் உள்ள மடைகளெல்லாம் திறந்து பாய்ந்துகொண்டிருந்தன. எங்கள் மடை மட்டும் மண் அடைத்தபடி அப்படியே இருந்தது. அதன்மேல் கணவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்து வயல்காரர் என்னிடம் முறையிட்டார்.

“அரைமணி நேரமா சொல்றேன் தங்கச்சி, வெட்ட மாட்டேங்குறாரு.”

“கல்லணையிலேருந்து கூடவே வந்தவ இருக்கா. அவ வந்து வெட்டட்டும்” என்றார் கணவர். மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. யூரியாச் சாக்கு, மீன் வாடை, சிராய்த்த முழங்கால் எல்லாவற்றோடும் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு இறங்கி இரண்டு வெட்டு வெட்டினேன். தண்ணீர் என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

“நாத்துக்கு இருவத்துநாலு” என்றார் அவர், நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டே.

“எனக்கு நாப்பத்தாறு” என்றேன்.